எட்டு முழ வேட்டியில் காரணி–மடங்குக் கோட்பாடு: ரெட்டியார்பாளையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்து மூலக்குளம் போகும் வழியில், விழுப்புரம் சாலையில் இருக்கிறது ரெட்டியார்பாளையம். அங்கே ஒரு மாடி வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். "மாமா, பன்னெண்டுக்கு இருபத்தி நாலு காரணியா, மடங்கா?" மடங்கு என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஒரே சொல்லில் முடிப்பது ஆய்வுக்கு அழகல்ல என்பதால் இக்கட்டுரை பிறந்தது.

முன்னாய்வுகள்: இல்லை. இருந்திருந்தால் மறுத்திருப்போம்.

இனிச் சொல்லாராய்ச்சி. காரணி என்பது கார் + அணி எனப் பிரியும். அணிவகுத்து நிற்கும் கார்கள் என்பது பொருள். மாலை ஆறு மணிக்கு இந்திரா காந்தி சிலை சிக்னலில் இதை நேரில் காணலாம். ஓர் எண்ணின் காரணிகளுக்கு முடிவு உண்டு என்று பாடநூல் சொல்வதை மட்டும் அங்கே நிற்பவர்கள் நம்புவதில்லை (தெருமுனை டீக்கடை, வாய்மொழி). இதைவிட மெலிந்த அடித்தளத்தின் மேல் முனைவர் பட்டங்களே எழும்பி நிற்கின்றன; ஆகவே தயங்காமல் மேலே செல்வோம்.

மடங்குதான் சிக்கல். துணி மடங்கினால் சிறுக்கும், குடை மடங்கினால் சிறுக்கும். கணக்கில் மட்டும் மடங்கு பெருத்துக்கொண்டே போகிறது: 12, 24, 36 என்று அதற்கு முடிவே இல்லை. காரணி எண்ணுக்கு உள்ளே அடங்கும். எண்ணையே விழுங்கிக்கொண்டு நிற்பது மடங்கு. பெயரோ நேர்மாறாக ஒலிக்கிறது. பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? இந்த முரண்பாட்டைத் தீர்க்க இவ்வாய்வாளர் பீரோவைத் திறந்தார்.

வேட்டி பெரும்பாலும் இரண்டு வகை. நாலு முழம் ஒற்றை. எட்டு முழத்தை நடுவில் மடித்து இரட்டையாகக் கட்டுவார்கள். அதனால்தான் அது டபுள் வேட்டி. எட்டை இரண்டாக மடித்தால் நாலு. மடங்கை மடித்தால் காரணி! கட்டுவதற்கு முன் எட்டு, கட்டிய பின் நாலு, ஒரே துணி. ஆயுள் முழுக்க இடுப்பில் காரணியும் மடங்குமாகச் சுமந்த தாத்தாக்களின் பேரன்கள் பரீட்சையில் திணறுவது தமிழினத்தின் பெருஞ்சோகம் (இஸ்திரி வண்டிக்காரர், சாலையோர உரைகள், முதல் தொகுதி).

சோதனை தொடர்ந்தது. எட்டு முழத்தை நாலாக மடித்தால் இரண்டு முழம், தோளில் போடலாம். எட்டாக மடித்தால் ஒரு முழம், பீரோவில் வைக்கலாம். ஒவ்வொரு முறையும் ஓரத்தோடு ஓரம் சேர்ந்தது. அடுத்து மும்மூன்று முழமாக மடித்துக் கட்டிப் பார்த்ததில் இரண்டு முழம் மீந்து தொங்கியது. அதை மிதித்து இவ்வாய்வாளர் மாடிப்படியில் மூன்று படி இறங்கினார், நடக்காமலே. மீதி வந்தால் காரணி இல்லை. முழத்தை அளந்தது முழங்கை, 3 எட்டின் காரணி அல்ல என்பதற்குச் சான்று முழங்கால் (இஸ்திரி வண்டிக்காரர், மேற்படி நூல், இரண்டாம் தொகுதி, கரி அணைந்த பின் சேர்த்த பின்னிணைப்பு, இரண்டு சட்டைக்குப் பாக்கி இருப்பதை நினைவூட்டும் ஓரக்குறிப்புடன்). ஆக 8இன் காரணிகள் 1, 2, 4, 8. நாலே நாலு.

சடங்குக்குரிய வேட்டிகளில் நுட்பம் இன்னும் கூடுகிறது. பத்தாறு என்றால் பத்து முழ வேட்டி, ஆறு முழ அங்கவஸ்திரம். இரண்டுக்கும் 2 பொதுக் காரணி. ஒன்பதைந்தில் 1ஐத் தவிரப் பொதுக் காரணியே கிடையாது. இத்தகைய ஜோடியைப் பாடநூல் சார்பகா எண்கள் என்கிறது. ஒரே பெட்டியில் விற்கப்பட்டும் ஒட்டாத இந்த ஜோடியை மாப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதன் உட்பொருளை மாமியார்கள்தான் விளக்க வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சியில் இந்த ஊரில் ஒரு ரூபாய்க்கு எட்டுப் பணம். வேட்டியும் எட்டு முழம். தற்செயல் என்பீர்கள். ஆய்வாளர்கள் தற்செயலை ஏற்பதில்லை. ஏற்றால் கருத்தரங்கு நடத்த முடியாது.

காசைத் தொட்டதால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறோம். இந்திய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, மொத்தம் 192. இதற்கு 14 காரணிகள். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா ஆனது. நூறுக்கு 9 காரணிகள்தான். ஒரே நாளில் ரூபாய் ஐந்து காரணிகளை இழந்தது; அன்றுமுதல் ஒரு ரூபாயை மூன்று பிள்ளைகளுக்குச் சரியாகப் பங்கிட முடிந்ததில்லை. நம் பழைய எண்சுவடியில் முந்திரி 320இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி, பதினாறு முந்திரி ஒரு மா, இருபது ஒரு மாகாணி, நாற்பது அரைக்கால், எண்பது கால். எல்லாமே 320இன் காரணிகள், அதற்கும் 14. பங்காளிச் சண்டையில் பழுத்தவர்கள்தான் அந்த எண்ணைத் தேர்ந்திருக்க வேண்டும்.

 

கலைச்சொல் குழுவினருக்கு ஒரு பாராட்டு. மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு ஆகிய இரண்டில் ஒன்று மிகப் பெரியது, மற்றது மிகச் சிறியது. சுருக்கும்போது 'பெரு', 'சிறு' இரண்டையும் கவனமாக வெட்டிவிட்டு மீ.பொ.வ., மீ.பொ.ம. என்றார்கள். பின்னர் வேறு வகுப்புப் புத்தகத்தில் மீ.பெ.கா., மீ.சி.ம. என்றும் வைத்தார்கள். பழையதும் போகவில்லை. வகுத்தியும் காரணியும் ஒன்றுதான் என்பது பிள்ளைக்கு எப்போது தெரியும் என்றால், மதிப்பெண் போன பிறகு.

கேள்வி கேட்டவள் இந்த ஆய்வின் இரண்டாம் பத்தியிலேயே கீழே விளையாடப் போய்விட்டாள். நோட்டில் 'மடங்கு' என்று அவளே எழுதியிருந்தாள்.

இம்முடிவுகளை மறுக்க விரும்பும் அறிஞர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம். வரும்போது எட்டு முழம் ஒன்று கொண்டுவரவும். எங்களுடையது துவைக்கப் போட்டிருக்கிறது.