ஸ்பீக்கர் தேர்வியல்: தொப்பிப் பக்கத்தை முன்வைத்து

கணினிக்கு ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் காதால் தேர்ந்தெடுப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடுகளைப் பொறுத்தவரை இது பிழை. தேர்ந்தெடுப்பவர் கீழ்வீட்டுக்காரர், காசு மட்டும் நம்முடையது. மணிமேகலையின் அளவை நெறிப்படி இது ‘பக்கம்’, அதாவது நிறுவ வேண்டிய கூற்று. ஏதுவும் (காரணம்) திட்டாந்தமும் (எடுத்துக்காட்டு) கீழே. (திட்டாந்தத்துக்குள் ‘திட்டு’ இருப்பது தற்செயல் என்று இந்த ஆய்வாளர் கருதவில்லை.)

ஆய்வுக்களம் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சிம் லிம் ஸ்குவேர். அங்கே முதலில் கற்க வேண்டியது வாட் இலக்கணம். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் பிஎம்பிஓ, கண்சிமிட்டும் நேரத்து உச்சத்தை ஊதிப் பெருக்கிய கணக்கு. மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ஆர்எம்எஸ், தொடர்ந்து தாங்கும் அளவு. முன்னது பெண் பார்க்க வருகையில் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம். பின்னது மத்திய சேம நிதி போக மிஞ்சுவது.

இத்துறையில் தீவுக்குத் தனி உரிமையே உண்டு. சிம் வோங் ஹூ 1981இல் சைனாடவுனில் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம்தான் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலான கணினிகளுக்குத் தெரிந்தது விக்கல் ஒன்றே. அதே நிறுவனத்தின் பெபிள் ஸ்பீக்கர் உருண்டையாக, 45 பாகை நிமிர்ந்து, மேசையிலிருந்து நம் முகத்தைப் பார்த்துப் பேசும். மேசை விளிம்போடு பேசிக்கொண்டிருக்கும் மற்றச் சிறு ஸ்பீக்கர்கள் இந்த மரியாதையை இன்னும் கற்கவில்லை.

விளையாட்டுக்கு வேண்டியது இடம் வலம் பிரியும் தெளிவு. எதிரி எந்தப் பக்கம் நடக்கிறான் என்று தெரிய வேண்டும். கம்பியே உத்தமம். புளூடூத்தில் ஓசை நொடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிந்தும். செத்த பிறகு நம்மைச் சுட்ட சத்தம் வந்து துக்கம் விசாரிக்கும்.

இசைக்கு எனது சோதனை மிருதங்கத் தனி ஆவர்த்தனம். வலந்தலை எந்தத் தகர டப்பாவிலும் கேட்கும். கனத்த ஓசை தரும் இடந்தலையான தொப்பி கேட்கிறதா? சிறு ஸ்பீக்கரில் கேட்காது. வித்துவானுக்கு ஒரு கை இல்லையோ என்று தோன்றும். உடனே கடைக்காரர் ஊஃபர் வைத்த 2.1 செட்டை இறக்குவார். தொப்பி பிழைக்கும். நாம் மாட்டிக்கொள்வோம்.

ஏது இதுதான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். என் படுக்கையறை 3 மீட்டர். பாட்டுப் பாடுபவரின் குரலைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். தொப்பியோ தரையையே தோலாக்கிக்கொண்டு கீழே இறங்கும். அதைத் தடுக்க ஊஃபருக்கடியில் ரப்பர் பாய், பழைய தலையணை, ஒரு முறை பொன்னி அரிசி மூட்டை என மூன்றையும் வைத்துப் பார்த்தேன். அரிசி மட்டும் பிறகு பயன்பட்டது.

இனித் திட்டாந்தம். இரவு 10.30 முதல் காலை 7 வரை என்றிருந்த அமைதி நேரத்தை 10 முதல் 8 வரை நீட்டலாம் என்று 2022இல் ஓர் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. கீழ்வீட்டுச் சீனப் பாட்டிக்குக் கடிகாரம் தேவையில்லை. துடைப்பக் கட்டை இருக்கிறது. முதல் இரவு கூரையில் மூன்று தட்டு. திஸ்ரம் என்று குறித்துக்கொண்டேன். மறுநாள் நான்கு, சதுஸ்ரம், லயம் பிசகவில்லை. மூன்றாம் இரவு ஐந்து தட்டு விழுந்தது. ஐந்துக்குப் பெயர் கண்டம். இரண்டு பொருளிலும் சரியாக இருந்ததால் ஊஃபரின் கம்பியைப் பிடுங்கினேன்.