நாலு பேரில் ஒருத்தர்

கிளீவ்லேண்டில் ஆகஸ்ட் அருமையான மாதம். ஈரி ஏரிப் பக்கமிருந்து காற்று வரும். தோட்டத்தில் காய்த்துத் தள்ளிய தக்காளியை அக்கம்பக்கத்தார் பைபையாகக் கொண்டுவந்து நம் வாசலில் வைத்துவிட்டு, மறுப்பதற்குள் ஓடிவிடுவார்கள். முக்கியமாக, பிரவுன்ஸ் அணி அதுவரை ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்றிருக்காது. சீசன் செப்டம்பரில்தான் தொடங்குகிறது என்பது இதற்குக் காரணம்.

பிரவுன்ஸ் எங்கள் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணி. கடைசியாகச் சாம்பியன் ஆனது 1964இல். 1995இல் அப்போதைய முதலாளி, ஆட்டக்காரர்களை மூட்டை கட்டிக்கொண்டு பால்டிமோருக்குப் போகிறேன் என்று அறிவித்தார், போயும் விட்டார். பெயரும் நிறமும் மட்டும் ஊரில் தங்கின. 1999இல் புதிதாக ஓர் அணியைக் கூட்டி அந்தப் பெயரை ஒட்டினார்கள். பால்டிமோருக்குப் போனவர்கள் அங்கே ஐந்தாவது சீசனிலேயே சூப்பர் பவுல் ஜெயித்தார்கள். எங்களுக்கு 2016, 2017 இரண்டு சீசனும் சேர்த்து 32 ஆட்டம், ஒரே வெற்றி. அந்த ஒன்றும் 2016 கணக்கு. 2017இல் சுத்தமான முட்டை. 2018 ஜனவரியில், மூக்கு நுனி உறையும் குளிரில், ரசிகர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றிப் பூஜ்யம்போல் வட்டமடித்து ஊர்வலம் போனார்கள். அந்த அளவுக்குப் பக்குவப்பட்ட ஊர்.

இந்த ஊரில் மனிதர்கள் சந்தித்தால் வானிலைக்கு அடுத்தபடி பேசுவது ஒன்றைத்தான். இந்த வருஷம் குவார்ட்டர்பேக் யார்?

ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வந்துதான் ஆட்டம் நகரும். எறிவதா, ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் நூற்று முப்பது கிலோ ஆசாமிகள் நாலைந்து பேர் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அவருடைய தலைக்கவசத்துக்குள் சின்ன ஒலிபெருக்கி உண்டு. பயிற்சியாளர் தரப்பு உத்தரவு அதில் வரும். அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கையில் அந்த இணைப்பு தானாகத் துண்டாகிவிடும். பிறகு அவர் பாடு, அவர் புத்தி பாடு. இந்தியன் மளிகைக் கடையில் நான் கொத்தமல்லிக் கட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது என் காதிலும் இப்படித்தான் உத்தரவு வந்துகொண்டிருக்கும். துண்டிக்கும் வசதி மட்டும் எனக்குத் தரப்படவில்லை.

1999க்குப் பிறகு பிரவுன்ஸுக்குக் குவார்ட்டர்பேக் வேலை பார்த்தவர்கள் நாற்பதுக்கும் மேல். ரசிகர் ஒருவர் ஒரே சட்டையின் முதுகில் பெயருக்குக் கீழ் பெயராக ஒட்டிக்கொண்டே போய், அந்தச் சட்டை ஊர்ப் பிரசித்தம் ஆனது. நான் அப்படிச் சிக்கனமாக இருக்கத் தெரியாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சட்டை வாங்கினேன். ஜானி மான்செல் சட்டையால் என் மனைவி மேஜை துடைக்கிறாள். பிராண்டன் வீடன் அடுப்படியில் கரித்துணி. பேக்கர் மேஃபீல்டு மட்டும் 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கைப் பிளேஆஃபில் வென்று தந்தவர் என்பதால் கௌரவமாகக் கார் துடைக்கிறார்.

2022இல் டெஷான் வாட்சன் வந்தார். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைத் தாரைவார்த்து, 23 கோடி டாலர் முழு உத்தரவாதத்துடன் கூட்டிவந்தார்கள். 2024 அக்டோபரில் குதிகால் தசைநார் அறுந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் அறுந்தது. ஆகவே 2025 சீசனுக்கு ஆள் வேண்டும். ஒருவரைத் தேடினால் போதுமே, நம்மவர்கள் நாலு பேரைப் பிடித்தார்கள்! மார்ச்சில் கென்னி பிக்கெட். ஏப்ரலில் ஜோ ஃப்ளாக்கோ. அந்த மாதக் கடைசியில் டிராஃப்டில் 94ஆவது ஆளாக டில்லன் கேப்ரியல். போதாதென்று 144ஆவது ஆளாக ஷெடூர் சாண்டர்ஸ். முதல் சுற்றிலேயே போவார் என்று பலரும் சொன்ன பையன் ஐந்தாம் சுற்றுவரை காத்திருந்து எங்களிடம் வந்து சேர்ந்தான்.

என் வீட்டில் சாம்பாருக்கு முருங்கையா கத்தரியா என்பதில் என் கருத்து கேட்கப்படுவதில்லை. வரவேற்பறைக்கு என்ன பெயின்ட் என்பது எனக்கு அடித்து முடித்த பிறகுதான் தெரியும். ஆனால் பிரவுன்ஸுக்கு யார் எறிய வேண்டும் என்ற விஷயத்தில் நான் அசைக்க முடியாதவன். நான் கேப்ரியல் கட்சி.

காரணம் சொல்கிறேன். அவர் ஹவாய்க்காரர், இடது கை. உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். இந்தத் தொழிலில் அது குள்ளம். முன்னால் நிற்பவர்கள் எல்லாம் ஆறரை அடி. அவர்கள் தலைக்கு மேலே பார்த்து எறிய வேண்டும். குள்ளமானவர்களுக்கு உலகம் வாய்ப்பே தருவதில்லை என்பது என் நெடுநாள் கொள்கை. மேல் தட்டிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்க வேண்டுமென்றால் என் மனைவி மகனைத்தான் கூப்பிடுகிறாள் என்பதைச் சொல்லி இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

மகன் சாண்டர்ஸ் கட்சி. பந்தைச் சரியாக எறிந்துவிட்டால் மணிக்கட்டைத் தூக்கிக் கைக்கடிகாரத்தைக் காட்டுவது அந்தப் பையனின் வழக்கம். அதற்காகவே ஒரு தலைமுறை அவன் பக்கம். "அப்பா, அவரோட அப்பா டியான் சாண்டர்ஸ். ஹால் ஆஃப் ஃபேம். சின்ன வயசிலேருந்து அப்பாதான் அவருக்குக் கோச்" என்றான். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். நானும் ஒருமுறை திருக்குறள் ஒப்பித்தல் போட்டிக்கு இவனைத் தயார்செய்தவன்தான். மேடையில் பாதியில் நின்றபோது எடுத்துக்கொடுக்க வேண்டிய இடத்தில் எனக்கும் மறந்துபோனது.

மனைவிக்கு இதில் அக்கறை கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். ஃப்ளாக்கோவுக்கு வயது நாற்பது, ஐந்து பிள்ளைகள் என்று டிவியில் சொன்னதும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அஞ்சு பிள்ளைங்களா? அப்ப அவரே ஆடட்டுங்க. பாவம், வீட்டைவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியில இருக்கட்டும்." ஆட்ட நுணுக்கம் தெரிந்தவர்களும் சுற்றிவளைத்து இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். 2023 கடைசியில், எந்த அணியும் கூப்பிடாமல் வீட்டு சோபாவில் இருந்த ஃப்ளாக்கோவை அழைத்துவந்து இறக்கினார்கள். ஐந்து ஆட்டத்தில் நாலு வென்று பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார் மனிதர். ஒரு காலத்தில் பால்டிமோருக்காக எங்களை வருஷம் தவறாமல் அடித்து நொறுக்கியவரும் அவரேதான். பழைய வில்லன் அப்பா வேஷத்துக்கு வந்தால் விசில் அடிப்பதில்லையா, அந்த மாதிரி ஊர் அவரை ஏற்றுக்கொண்டது.

மிச்சம் பிக்கெட். அவருக்கு ஆதரவாளரே இல்லை என்று எழுதியிருப்பேன், என் மாமனார் அந்தக் கோடையில் தென்காசியிலிருந்து வந்திருக்காவிட்டால். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை, இதில் முதல்ல டூட்டியில் சேர்ந்தது யாரு?"

"பிக்கெட், மாமா. மார்ச்."

"அப்ப அவர்தானே சீனியர்? இதில் பேச என்ன இருக்கு?"

ஃப்ளாக்கோ பிறந்தது 1985 என்றேன். பிறந்த தேதி ஓய்வு பெறுவதற்குத்தான் கணக்கு, பதவி உயர்வுக்குச் சேர்ந்த தேதிதான் என்றார். ஜூலைக் கடைசியில் பிக்கெட்டுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டு பயிற்சியிலிருந்து ஒதுங்கினார். இனி அவ்வளவுதான் என்றேன். "மெடிக்கல் லீவ் போட்டா சீனியாரிட்டி போகாது" என்று மாமனார் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். வாட்சனின் 23 கோடி விவகாரத்தை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆடாதவருக்கு இவ்வளவு என்றால் தணிக்கை வராதா என்று இரவெல்லாம் என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

விவாதம் என்றால் நேரில் பார்த்துவிட்டுப் பேச வேண்டாமா? ஊருக்குத் தெற்கே பெரியாவில் பயிற்சி முகாம். மகனும் நானும் போனோம். எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் தொப்பிக்கு மேல் பிரவுன்ஸ் ரசிகர்களின் நாய் முகமூடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, ஸ்கோர் அட்டையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிடிபட்ட எறிக்கு நேர்கோடு, தவறியதற்குப் பெருக்கல் குறி. பத்திரிகைக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஏழுக்கு ஏழு பயிற்சியில் யார் எத்தனை, பதினொன்றுக்குப் பதினொன்றில் யார் எத்தனை என்று சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கப் பட்டியல் வந்துவிடும். முதல் அணியோடு யார் நின்றார், மூன்றாம் அணியோடு யார் நிறுத்தப்பட்டார் என்பதற்கு அரசியல் வியாக்கியானம் வேறு. கேப்ரியல் எறிந்த பந்து ஒன்று ஏந்த வேண்டியவனின் தலைக்கு மேலே பறந்தது. ஓடியவன்தான் மெதுவாக ஓடினான் என்று மகனுக்கு விளக்கினேன். சாண்டர்ஸ் எறிந்ததும் அப்படியே பறந்தது. பையனுக்கு இன்னும் பதம் வரவில்லை என்று விளக்கினேன்.

இதில் வேடிக்கை, முகாமில் குவார்ட்டர்பேக்குகளை யாரும் தொடக்கூடாது. அதற்கென்றே அவர்களுக்குத் தனி நிறச் சட்டை. பாய்ந்து வருகிற மலை அவர்களிடம் வந்ததும் கையைத் தூக்கிக்கொண்டு விலகிப்போகும். அடியே விழாத இடத்தில் எறிவதை வைத்து அடிக்கு நடுவில் எறியப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தச் சோதனையில் நான்கூடத் தேறியிருப்பேன். கொல்லையில் மகனுக்கு எறிந்து காட்டினேன். பந்து பக்கத்து வீட்டுத் தக்காளிப் பாத்தியில் விழுந்தது, என் தோளுக்கு மாமனார் தைலம் தேய்த்துவிட்டார். அன்று மாலை வாசலில் தக்காளிப் பை இல்லை.

ஆகஸ்ட் 18 அன்று பயிற்சியாளர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி அறிவித்தார்: ஃப்ளாக்கோ. என் மனைவி தாளிப்பை இறக்கிவைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் பிக்கெட்டை லாஸ் வேகஸ் அணிக்கு அனுப்பினார்கள். மாமனார்தான் ஆடிப்போனார். "டிரான்ஸ்ஃபரா? அவங்களுக்கு யூனியன் கிடையாதா?" உண்டு மாமா என்றேன். "இருந்துமா!" என்றவர் அத்தோடு இந்த ஆட்டத்தைக் கைகழுவினார்.

செப்டம்பர் 7, முதல் ஆட்டம், சின்சினாட்டியுடன். 17-16 என்று தோற்றோம். ஒரே புள்ளி. எங்கள் உதைப்பவர் ஒரு ஃபீல்டு கோலையும், டச்டவுனுக்குப் பின் சுலபமாகக் கிடைக்க வேண்டிய ஒரு புள்ளியையும் வெளியே உதைத்திருந்தார். ஏப்ரலிலிருந்து ஊரே நாலு பேரின் கையைப் பற்றிப் பேசியது; ஆட்டம் ஐந்தாவது ஒருவரின் காலோடு போயிற்று. அவர் பெயரையே அன்றுதான் நான் கேள்விப்பட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே மனிதர் கடைசி நொடியில் 55 கெஜம் உதைத்து, கிரீன் பே அணியை 13-10 என்று வீழ்த்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. நாலு ஆட்டத்தில் மூன்று போனதும் ஃப்ளாக்கோவை உட்காரவைத்தார்கள். லண்டனில் மினசோட்டாவுடன் கேப்ரியல் இறங்கினார். நான் ஞாயிறு காலையிலேயே கேசரி கிண்டச் சொன்னேன். தோற்றோம். இரண்டாம் நாள் ஃப்ளாக்கோவைச் சின்சினாட்டிக்கே கொடுத்துவிட்டார்கள். அங்கே அடுத்த வாரமே பிட்ஸ்பர்க்கை வென்று கொடுத்தார் அந்த ஐந்து பிள்ளைக்காரர். நவம்பரில் கேப்ரியலுக்குத் தலையில் அடிபட, சாண்டர்ஸ் வந்தார். முதன்முதலாக ஆரம்பம் முதல் ஆடிய ஆட்டத்தில் லாஸ் வேகஸை 24-10 என்று ஜெயித்தார். மகன் தன்னிடம் இல்லாத கைக்கடிகாரத்தை எனக்குக் காட்டினான். கடைசிக் கணக்கு 5 வெற்றி, 12 தோல்வி. ஸ்டெஃபான்ஸ்கிக்கு வேலை போனது. எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைச் சாய்க்கிற எங்கள் மைல்ஸ் கேரட் அந்த ஒரே சீசனில் 23 முறை சாய்த்துச் சாதனை படைத்தார். அவர் ஆடலாமா வேண்டாமா என்று கோடை முழுக்க எங்கள் வீட்டில் யாரும் ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு ஒரு விண்ணப்பம். 1978 முதல் வருஷந்தோறும் ஈஸ்டரை ஒட்டி எங்கள் ஊரில் தியாகராஜ ஆராதனை நடப்பது உங்களுக்குத் தெரியும். டிராஃப்டும் ஏப்ரல் கடைசியில்தான். நீங்கள் வரும்போது, உறவில் தோள் பலமுள்ள பையன் யாராவது இருந்தால் கையோடு அழைத்துவாருங்கள். இடது கைப் பழக்கம் இருந்தால் நல்லது. உயரம் ஒரு தடையில்லை. சாப்பாடும் தங்கலும் எங்கள் வீட்டில். சட்டையை மட்டும் இந்த முறை மனைவியைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன்.