கேட்டால் பற்றும்!

(இந்த வாரத் தபாலில் பெரும்பாலும் கொல்லிமலையும் அதன் சுற்றுவட்டாரமும். மேலே குளிர் இறங்கிவிட்டது போலிருக்கிறது. ஓரிருவர் தவிர எல்லோரும் வெந்நீர், அடுப்பு, கேஸ் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். காதலைக் கேட்ட கவிஞரும் கேஸைத்தான் தொட்டிருக்கிறார்.)

கே: கொல்லிமலைக்கு மொத்தம் எத்தனை கொண்டை ஊசி வளைவுகள்?
– முதல்முறைப் பயணி, ஈரோடு

70. கூடவே எண்ணிக்கொண்டு வருவேன் என்று அடம்பிடிக்காதீர்கள். முப்பதாவது வளைவில் காலையில் சாப்பிட்ட இட்லியை எண்ண வேண்டிவரும்.

கே: சிகாகோவில் மகன் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறான். நிலவறையில் ஃபர்னஸ் என்று ஒரு பெட்டி, அதற்குள் 'பைலட்' என்று குட்டி நெருப்பு இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கிறதாம். வீட்டுக்கடியில் நெருப்பை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படித் தூங்குகிறான்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சேந்தமங்கலம்

நன்றாகத் தூங்குகிறான் டீச்சரம்மா. தூங்காமல் இருப்பது நீங்கள்தான்.

நம் ஊரில் ஃபர்னஸ் என்றால் இரும்பு உருக்குகிற சமாசாரம். அங்கே அது வீட்டுக்குள் வெதுவெதுப்பான காற்றை அனுப்புகிற அடுப்பு. வெளியே பனி கொட்டும். அறை குளிர்ந்தால் சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட் 'பற்றவை' என்று கீழே உத்தரவு போடும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் தீப்பெட்டியோடு நிலவறைக்கு இறங்குவது? அதற்குத்தான் அந்தக் குட்டி நெருப்பு. பெரிய பர்னரில் கேஸ் வந்ததும் பற்றவைத்துவிட்டுத் தன் பாட்டுக்கு எரியும்.

'காற்றடித்து அது அணைந்துவிட்டால் கேஸ் வீடெல்லாம் பரவுமே?' என்பதுதானே அடுத்த கேள்வி? வாத்தியார் கேட்காமல் விடுவாரா! இங்கேதான் என் நெடுநாள் காதலியை அறிமுகப்படுத்துகிறேன்: தெர்மோகப்பிள். இரண்டு வேறு வேறு உலோகங்களை ஒரு முனையில் சேர்த்து, அந்த முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். 1821-ல் சீபெக் என்கிற ஜெர்மானியர் பார்த்தது. பக்கத்திலிருந்த காந்த ஊசி திரும்பியதும் அது காந்த சக்தி என்றே நினைத்துக்கொண்டார், பாவம்.

பைலட் நெருப்பில் இந்த முனை எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். அதில் கிடைப்பது 20, 30 மில்லிவோல்ட். டார்ச் லைட் பேட்டரியில் ஐம்பது, அறுபதில் ஒரு பங்கு. கொசுவுக்குக்கூட ஷாக் அடிக்காது. ஆனால் ஒரு சின்ன மின்காந்தத்துக்கு அது போதும். அந்தக் காந்தம் ஸ்பிரிங்கை எதிர்த்து கேஸ் வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நெருப்பு அணைந்ததா, முனை ஆறும், மின்சாரம் போகும், காந்தம் கைவிடும், ஸ்பிரிங் வால்வை அறைந்து சாத்தும். ஒரு நிமிஷம் போல ஆகும், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்ததே அதன் இயலாமைதான். மூடிய வால்வைத் திறக்க அந்தக் காந்தத்துக்குத் தெம்பில்லை. மனிதன் திறந்து கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் பற்றவைக்கும்போது குமிழை அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். இதற்கு வீட்டுக் கரண்ட் வேண்டாம், ஆப் வேண்டாம், 'அப்டேட் செய்யவா?' என்று நடு ராத்திரியில் கேட்காது. தானே பழுதானாலும் கேஸை மூடிவிட்டுத்தான் பழுதாகும். இன்றைக்கு 'ஸ்மார்ட்' என்று ஒட்டி விற்கிற எதிலாவது இந்த ஒழுக்கம் உண்டா?

இன்னொன்று. ஃபர்னஸைப் புதிதாக மாற்றினால் பைலட்டே இருக்காது. தேவைப்படும்போது மட்டும் ஒரு முனை சிவக்கச் சூடாகிப் பற்றவைக்கும். அடுத்த தடவை போனில் பேசும்போது, சாப்பிட்டானா என்று கேட்ட பிறகு, இதையும் கேளுங்கள்.

கே: காதலையும் கேஸ் அடுப்பையும் ஒப்பிடுக.
– கவிஞர், துறையூர்

ரப்பர் ட்யூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மேற்கொண்டு ஒப்பிட வீட்டில் அனுமதி இல்லை.

கே: சும்மா எரிகிற அந்தக் குட்டி நெருப்புக்கு எவ்வளவு கேஸ் செலவாகும்?
– சிக்கனக்காரர், ராசிபுரம்

ராசிபுரம் நெய்க்காரரிடமிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். பழைய ஃபர்னஸ் பைலட்டை நம் சமையல் கேஸ் கணக்குக்கு மாற்றினால் மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிராம். அற்பம் என்கிறீர்களா? 24 மணி நேரத்தால் பெருக்குங்கள்: தினமும் 300 கிராமுக்கு மேல். நம் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதம் தாண்டாது. அதில் ஒரு டம்ளர் காபிகூடப் போட்டிருக்க மாட்டீர்கள். இதனால்தான் 2012 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவில் புதிதாகச் செய்கிற சமையல் கேஸ் அடுப்புகளில், எப்போதும் எரியும் பைலட் கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள்.

அணையாத நெருப்புக்கு முறையாக பட்ஜெட் போட்டவர்கள் சோழர்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள். கல்வெட்டுக் கல்வெட்டாக அதே கணக்குதான். ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்துவிடுவார்கள்; அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தால்? கிழடானால்? அதெல்லாம் இடையர் பாடு. குட்டி போட்டதை வைத்து நேர்செய்துகொண்டு, 96-ஐ 96-ஆகவே காட்ட வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். சாகாது, மூப்படையாது. எந்த ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியும் இப்படி ஒரு ஷரத்தை எழுதத் துணிந்ததில்லை.

ஒரு பைலட்டுக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர், ஒரு விளக்குக்கு 96 ஆடு. எது லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டு எனக்கும் எழுதுங்கள். புழுக்கையை உரமாக வரவு வைக்க மறக்க வேண்டாம்.

கே: அடுப்பைப் பற்றவைக்க லைட்டர் நல்லதா, தீப்பெட்டி நல்லதா?
– இல்லத்தரசி, முள்ளுக்குறிச்சி

தீப்பெட்டி, தீப்பெட்டி, தீப்பெட்டி. லைட்டர் என்பது பதினோரு தடவை 'டக்' என்று தபேலா வாசித்துவிட்டுப் பன்னிரண்டாவது தடவை புருவத்தைக் கேட்கிற வாத்தியம். (லைட்டர் ஆதரவாளர்கள் கடிதம் எழுத வேண்டாம். போன வருஷத்துக் கடிதங்களையே இன்னும் கொளுத்தி முடிக்கவில்லை, தீப்பெட்டியால்.)

கே: எங்கள் லாட்ஜில் கேஸ் கீசர். குழாயைத் திறந்தால் தானே 'குபுக்' என்று பற்றிக்கொள்கிறது. அப்படியென்றால் உள்ளே பைலட் எரிந்துகொண்டே இருக்கிறதா?
– லாட்ஜ் மேனேஜர், செம்மேடு

இல்லை. அந்தக் காலத்து மாடல்களில் இருந்தது. உங்களுடையதில் இருப்பது வல்வில் ஓரி.

சிரிக்காதீர்கள். ஆடி 17, 18-ல் வருஷா வருஷம் விழா எடுக்கிறீர்களே, உங்கள் மலையை ஆண்ட அந்த ஓரி எய்த ஓர் அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் சாட்சி சொல்கிறார். உங்கள் வாடிக்கையாளர் வெந்நீர்க் குழாயைத் திருகுவதும் ஓர் அம்புதான். ஓடுகிற தண்ணீரின் அழுத்தம் முதலில் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும்: யானை. சவ்வு ஒரு குட்டி ஸ்விட்சைத் தட்டும்: புலி. ஸ்விட்ச் விழுந்ததும், அடியில் போட்டிருக்கிற இரண்டு தடி பேட்டரியிலிருந்து படபடவென்று தீப்பொறி: மான். கூடவே கேஸ் வால்வு திறக்கும்: பன்றி. நெருப்பு பற்றியதா என்று பார்க்க ஒரு கம்பி நெருப்புக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் உடும்பு. நெருப்பு மின்சாரத்தைக் கடத்தும். மைக்ரோ ஆம்பியர் கணக்கில், சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு. அந்தத் துளி ஓடினால் 'எரிகிறது' என்று பொருள். சில நொடிகளில் அது வரவில்லையென்றால் வால்வு மூடிக்கொள்ளும். உடும்புப் பிடி என்பது இதுதான்.

எனவே, '104-ல் வெந்நீர் வரலை' என்று புகார் வந்தால் கீசரைக் குட்டாதீர்கள். மாடித் தொட்டிக்கும் கீசருக்கும் போதிய உயரம் இல்லாவிட்டால் அழுத்தம் போதாது, யானை அசையாது. அழுத்தம் சரி, பொறி மட்டும் வரவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். டிவி ரிமோட்டில் தீர்ந்துபோனதை எடுத்துப் போடுவது லாட்ஜ் தர்மம் ஆகாது. அது உள்ளே பொருந்தவும் பொருந்தாது.

கே: கொல்லிப்பாவைதான் உலகின் முதல் தானியங்கி ரோபோ என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?
– பெருமைக்குரிய தமிழர், நாமக்கல்

சங்கப் பாடல்களில் பாவையின் அழகு இருக்கிறது. பேட்டரி இல்லை.

கே: புது வீட்டில் பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர் வைத்தோம். குளிர்காற்று வருகிறதென்று ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டோம். அதுதான் உள்ளே சேஃப்டி எல்லாம் இருக்கிறதே, பயமில்லையே?
– புது வீட்டுக்காரர், சோளக்காடு

இதற்கு விளையாட்டில்லாமல் பதில் சொல்கிறேன். இன்றைக்கே அந்த அட்டையை எடுங்கள். எடுத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

உள்ளே இருக்கிற சேஃப்டிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நெருப்பு எரிகிறதா, இல்லையா. நீங்கள் மூச்சு விடுகிற காற்றைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. அடைத்த சின்ன அறையில் கீசர் எரிய எரிய ஆக்சிஜன் குறையும். குறைந்தால் கேஸ் முழுசாக எரியாது. கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. சிலிண்டர் கேஸில் நாற்றத்துக்காகக் கலக்கிற மெர்காப்டனும் நெருப்பில் எரிந்துபோயிருக்கும், அதனால் மூக்கு உங்களை எச்சரிக்காது.

ஆக்சிஜனைக் கண்காணிக்கிற பைலட்டும் உலகத்தில் உண்டு. அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் போல இறங்கினால் அந்தச் சுவாலை தெர்மோகப்பிளை விட்டுத் தூக்கிக்கொள்ளும். முனை ஆறி வால்வு மூடும். வெளிநாட்டு ரூம் ஹீட்டர்களில் வைக்கிறார்கள். உங்கள் கீசரில் இருக்கும் என்று நம்பிக் குளிக்காதீர்கள்.

மலையில் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. இந்த விஷக்காற்றின் முதல் அறிகுறிகள் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். 70 வளைவு ஏறி வந்த விருந்தாளிக்கு இந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கும். 'வளைவு ஒத்துக்கல, வெந்நீரில் குளிச்சா சரியாயிடும்' என்று நாமே அவரை உள்ளே அனுப்பிவைப்போம். குளிக்கப் போனவர் குரல் கொடுக்கவில்லை என்றால் யோசிக்காமல் கதவை உடையுங்கள். வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கீசரை வெளிச்சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். கொத்தனார் கூலி ஒரு நாள் ஆகும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர் காய்வதும் இதே கதைதான். 2024-ல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்போடு கதவைச் சாத்திப் படுத்த இளைஞர்கள் எழுந்திருக்கவில்லை.

கே: குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க கேஸ் புரூடர் வைத்திருக்கிறோம். குமிழை அழுத்திப் பிடித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது. 'அந்த வால்வையே தூக்கிவிட்டு டைரக்டா விட்டுடலாம் அண்ணே' என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– கோழிப்பண்ணைக்காரர், புதுச்சத்திரம்

மெக்கானிக்குக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். குடித்து முடித்ததும் வழியனுப்பிவிடுங்கள்.

அவர் தூக்கச் சொல்வது, மேலே டீச்சரம்மாவிடம் நான் உருகி உருகிச் சொன்ன அதே தெர்மோகப்பிளின் வால்வை. அது அணைக்கிறது என்றால் ஏதோ சொல்கிறது. முதலில், குமிழை நிஜமாகவே அரை நிமிஷம் பிடித்தீர்களா? நம் ஆட்களுக்கு அரை நிமிஷம் என்றால் ஐந்து எண்ணுவது. அடுத்து, முனை சுவாலைக்குள் நிற்கிறதா, உமித் தூசியும் கரியும் அப்பிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பண்ணையில் பெரும்பாலும் தூசிதான் குற்றவாளி. துடைத்தும் நிற்கவில்லையென்றால் தெர்மோகப்பிள் ஆயுள் முடிந்தது, புதிது போடுங்கள். பெரிய செலவில்லை.

டைரக்டாக விட்டால் என்ன ஆகும்? சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். தரையில் யார் இருக்கிறார்கள்? ஒரு நாள் குஞ்சுகள். அவற்றுக்கு நாற்றம் தெரிந்தாலும் கேஸ் கசிவுக்கான 1906 எண்ணுக்குப் போன் போடத் தெரியாது. தென்னிந்தியாவின் கேஸ் டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கமே நாமக்கல்லில்தான் இருக்கிறது. ஒரு வண்டியில் 18 டன் கேஸை ஏற்றிக்கொண்டு மங்களூருக்கும் கொச்சிக்கும் சர்வ ஜாக்கிரதையாக ஓடுகிற ஊர்க்காரர், ஒரு குட்டி வால்வில் கோட்டை விடலாமா?

கே: பைலட், தானியங்கி அடுப்பு எல்லாம் வெள்ளைக்காரன் மூளைதானே? நம்மிடம் என்ன இருந்தது?
– கல்லூரி மாணவர், தம்மம்பட்டி

அடுப்பைத் தானே கட்டுப்படுத்த வைத்த பெருமையில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் மினியாபொலிஸில் வாழ்ந்தவர். 1885-ல், அறை குளிர்ந்ததும் நிலக்கரி அடுப்பின் காற்றுக் கதவைத் தானே திறந்து, சூடானதும் தானே மூடுகிற ஏற்பாட்டைச் செய்தார். ஹனிவெல் கம்பெனியின் வேர் அதுதான். மறுப்பதற்கில்லை, கொடுத்துவிடுவோம்.

அதற்கு முன்பே, 1867 மே 23 அன்று, வடலூர் சத்திய தருமச் சாலையில் வள்ளலார் ஓர் அடுப்பை மூட்டினார். அது இன்றுவரை அணையவில்லை. தெர்மோகப்பிள் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. ஒருவர் மாற்றி ஒருவர் விறகு தள்ளுகிறார்கள். அமெரிக்கப் பைலட் எரிவது அறை குளிர்ந்தால் உடனே சூடு கொடுக்க. வடலூரில் எரிவது, எந்த நேரத்தில் யார் பசியோடு வந்தாலும் 'இனிமேல்தான் அடுப்பு மூட்டணும்' என்ற பதில் அவர் காதில் விழாமல் இருக்க. இதைக் கண்டுபிடிப்பு என்று எந்தக் காப்புரிமை அலுவலகமும் பதிந்துகொள்ளாது. ஒருமுறை போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் தம்பி.

கே: குளிர்காலம் வந்தால் எங்கள் டீக்கடைச் சிலிண்டர் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தால் சரியாகுமா?
– டீக்கடைக்காரர், வளப்பூர் நாடு

உட்காரவைக்காதீர்கள். சிலிண்டரைச் சூடாக்குகிற வேலையே வேண்டாம். உள்ளே இருப்பது திரவம். அது கொதித்துத்தான் கேஸாக வெளியே வருகிறது. அதிலுள்ள புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும், பியூட்டேனுக்குப் பூஜ்ஜியத்தை ஒட்டி வர வேண்டும். கொதிக்கத் தேவையான சூட்டைச் சிலிண்டர் சுற்றியிருக்கிற காற்றிலிருந்துதான் எடுக்கிறது. மலைக்குளிரில் அந்தச் சூடு குறைவு, நீங்களோ விடிகாலையிலிருந்து முழு வேகத்தில் இழுக்கிறீர்கள்; அதனால்தான் வெளியே வேர்த்து, உள்ளே அழுத்தம் விழுகிறது. டீலரிடம் சொல்லி இரண்டு சிலிண்டரை இணையாகப் பூட்டிக்கொண்டால் சுமை பாதியாகும்.

அது கிடக்கட்டும். டீக்கடை என்கிறீர்கள். சிலிண்டர் நீலமா, சிவப்பா? நீலம் என்றால் மேலே சொன்னபடி செய்யுங்கள். சிவப்பு என்றால் உங்கள் கடிதம் எனக்கு வரவே இல்லை.