மொட்டை டயரும் காத்துக் கணக்கும்

நான் இதுவரை மிச்சம் பிடித்த பெட்ரோலில் பெரும்பகுதி, உலகத்தில் எந்தக் கிணற்றிலும் எடுக்காத பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நிஜப் பெட்ரோலை காந்திபுரம் சிக்னலில் இன்ஜினை அணைக்காமல் புகையாக விடுகிறவன், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஓசிப் பெட்ரோலை மட்டும் சொட்டுச் சொட்டாக அளந்து செலவழிக்கிறேன்.

சிம் ரேசிங் என்று இதற்குப் பெயர். கைக்கு ஸ்டீயரிங், காலுக்குப் பெடல், எதிரே திரை. பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் இருக்கிற பந்தயத் தடங்களை லேசரால் அளந்து, மேடு பள்ளம் மாறாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல், பிள்ளைகள் படுத்த பிறகு, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, கரூர் என்று அங்கங்கே கதவைச் சாத்திக்கொண்டு நடுவயது ஆண்கள் உட்கார்ந்து ஓட்டுகிறோம். எங்களுக்கு வேகப் பைத்தியம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரப் பந்தயத்தில் வேகத்தைப் பற்றிய பேச்சு முதல் பத்து நிமிடத்தோடு சரி. மீதி நேரமெல்லாம் டயரும் பெட்ரோலும்தான். காதில் மாட்டிய ஹெட்செட்டில் கேட்பது அசல் லாரி ஓனர்கள் பேச்சு.

வெளியூர்க்காரர்கள் இதற்கென்று அலுமினியத்தில் செய்த ஸ்டாண்டை ஆன்லைனில் வாங்குகிறார்கள். கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஒரு சாமானை ரெடிமேடாக வாங்குவது குலத்துக்கே இழுக்கு. கணபதியில் ஒரு பட்டறையில் சதுரக் குழாயை வெட்டி வெல்டிங் வைத்து, உக்கடம் பழைய சாமான் கடையில் எடுத்த மாருதி சீட்டைப் பொருத்திச் செய்துகொண்டேன். பட்டறைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்.

“இது எத்தன ஹெச்பி மோட்டாருக்குங்க?”

மோட்டார் எதுவும் இல்லை, நான்தான் உட்காரப்போகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப அடியில இன்னும் ரெண்டு சப்போர்ட் சேத்திக்குடுத்தர்றனுங்க.”

ஊர் அப்படி. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்த ஜி.டி. நாயுடுவிலிருந்து, மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் காருக்குள் வைத்த கரிவரதன் வரைக்கும், சும்மா கிடக்கிற இன்ஜினைக் கண்டால் இங்கே யாருக்காவது கை அரிக்கும். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கிற இரண்டு கிலோமீட்டர் சொச்சத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பஞ்சர் கடையில் டடடடவென்று ஓடுகிற எல்ஜி கம்ப்ரஷரும் 1960-இலிருந்து நம்ம ஊர்ச் சரக்குதான். ஆகக்கூடி, டயருக்குள் அடைத்த காற்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இந்த ஊரில் எல்லாருக்கும் உரிமை உண்டு. என் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

பெரியப்பா சங்ககிரியில் லாரி வைத்திருந்தவர். முதலில் டிரைவர், அப்புறம் ஒரு லாரி, அப்புறம் நாலு லாரி, அப்புறம் முழங்கால் வலி. கண்ணில் புரை எடுக்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது டிவி இல்லை என்று பெரியப்பா தாமே தீர்மானம் செய்துகொண்டு, என் சீட்டுக்குப் பின்னால் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா மட்டும் முதலில் முணுமுணுத்தார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அதே மாதிரி காருங்க பெரீம்மா இது என்று சொன்னேன். அதற்குப் பிறகு காப்பி நேரத்துக்கு வந்தது.

பெரியப்பாவின் முதல் கேள்வி டயரைப் பற்றி.

“ஏங்கண்ணு, வண்டி புதுசாட்ட இருக்குது, டயரு நாலும் மொட்டையா இருக்குதே?”

பந்தயக் காருக்கு அப்படித்தான் என்று விளக்கினேன். டயரில் பட்டன் இருப்பது மழைத் தண்ணியை ஒதுக்கித் தள்ளத்தான். காய்ந்த தடத்தில் ரப்பர் முழுசாகத் தரையைத் தொட்டால்தான் பிடிமானம். மழை வந்தால் பட்டன் போட்ட டயருக்கு மாற்றிக்கொள்வோம். இந்த மொட்டை டயருக்கு விலையும் ஜாஸ்தி.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்கிட்டச் சொல்லியிருந்தா சங்ககிரியில சும்மாவே வாங்கிக் குடுத்திருப்பனே.”

அடுத்த கேள்வி எது என்று எனக்கே தெரிந்திருந்தது. “மைலேஜ் என்ன குடுக்குது?”

அன்றைக்கு ஸ்பா தடம். ஒரு சுற்று 7 கிலோமீட்டர். என் கார் ஒரு சுற்றுக்கு 3.8 லிட்டர் குடிக்கிறது. லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லை. சொன்னேன். பதினாறு டன் லோடோடு லிட்டருக்கு நாலு கொடுத்த வண்டிகளை ஓட்டிய மனிதர், இடுப்புத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெட்ரோல் கணக்குக்கு வந்தோம். நம்ம வீடுகளில் ஊருக்குக் கிளம்பும்போது டேங்கை நிரப்பிவிட்டால்தான் ஒரு நிம்மதி. பந்தயத்தில் அது பாவம். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ எடை; நூறு லிட்டர் ஊற்றினால் எழுபத்தைந்து கிலோ. பெரியப்பாவையே பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு பந்தயம் விடுகிற எடை. வேண்டாத ஒவ்வொரு லிட்டரும் ஒவ்வொரு சுற்றிலும் நம்மைப் பின்னால் இழுக்கும். அதற்காகக் குறைத்து ஊற்றினால் கடைசிச் சுற்றில் வண்டி காட்டுக்குள் நின்றுவிடும். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மறுபடி நூறு ரூபாய்க்குப் போடுகிற காலேஜ் பையன்களைத் திட்டியிருக்கிறோமே, அவர்கள் பந்தய நுணுக்கம் தெரிந்தவர்கள்.

எத்தனை சுற்று என்பதுதான் சிக்கலே. நேரம் அறுபது நிமிடம். நேரம் முடிந்தபின் முதலில் போகிறவன் எப்போது கோட்டைத் தாண்டுகிறானோ அப்போதுதான் கொடி. அவன் ஒரு சுற்றை 2 நிமிடம் 19 நொடியில் போனால், 26-ஆவது சுற்றை 60 நிமிடம் 14 நொடியில் முடிப்பான், பந்தயம் முடிந்தது. அதே ஆள் சுற்றுக்கு ஒரே ஒரு நொடி வேகமாக, 2:18-இல் போனால், 26 சுற்று 59 நிமிடம் 48 நொடியிலேயே முடிந்துவிடும். இன்னும் 12 நொடி பாக்கி. ஆகவே இன்னொரு சுற்று. ஆகவே எனக்கும் நாலு லிட்டர் கூடுதல் செலவு.

“அவன் வேகமாப் போனா நம்ம பெட்ரோலு எதுக்குச் செலவாகோணும்?” என்றார் பெரியப்பா. பங்காளி கிணறு வெட்டினால் தன் கிணற்றில் தண்ணீர் இறங்குகிற விஷயத்தில் அவருக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. நேர் ரோட்டின் கடைசியில் பிரேக் போட வேண்டிய இடத்துக்கு எண்பது, நூறு மீட்டர் முன்னாலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியைத் தன் போக்கில் உருளவிடுவது. சுற்றுக்குக் கால் நொடி போகும்; பெட்ரோல் தங்கும். பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறையும். இதைச் செய்து காட்டினேன். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்படியே நியூட்ரல் போட்றோணும்!”

இல்லீங்க பெரீப்பா, இந்தக் கால இன்ஜினில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் கம்ப்யூட்டரே பெட்ரோலைச் சுத்தமாக நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் செலவாகும் என்றேன். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறக்கிக் கவிழ்ந்த வண்டிகளை எல்லாம் ஞாபகப்படுத்தினேன். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் அவர் கியரில்தானே இறக்கினார்?

“அது மலைங்கண்ணு. நாஞ் சொல்றது பவானி எறக்கம்” என்றார். விஞ்ஞானம் பவானி இறக்கத்தில் செல்லுபடியாகாது என்று அத்தோடு விட்டுவிட்டேன்.

டயர் விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டையே வரவில்லை. பந்தய டயரில் காற்று, ஓடிச் சூடான பிறகு, 26-க்கும் 27 பவுண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் சில பவுண்டு குறைத்து அடைப்போம். ஓட ஓடச் சூடேறி காற்று விரியும். வெயில் ஏறினால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். அதிகமானால் டயர் பலூன் போல உப்பி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். குறைந்தால் ஓரம் தேயும். பெரும்பாலான தடங்கள் கடிகாரச் சுற்றில் ஓடுவதால் வலது வளைவுகள் அதிகம், பாரம் இடது பக்கம்; இடது முன் டயருக்குத்தான் முதலில் சாவு. வளைவுக்குள் அவசரமாக நுழைந்து, வண்டி திரும்பவில்லை என்று ஸ்டீயரிங்கை இன்னும் முறித்தால், டயர் உருளாமல் தரையோடு இழுபடும், சூடேறிக் கெட்டுப்போகும். முன்னால் போகிற வண்டியை வளைவில் ஒட்டிப் போனாலும் இதே கதி, ஏனென்றால் நம் வண்டியைத் தரையோடு அழுத்த வேண்டிய காற்றை அவன் கலைத்துவிட்டுப் போகிறான்.

இதெல்லாம் பெரியப்பாவுக்குப் புதிதாகவே தோன்றவில்லை. காலையில் வண்டி எடுக்குமுன் கிளீனர் இரும்பு ராடால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வருவான். டங் என்றால் காத்து இருக்கிறது, டொப் என்றால் இல்லை. இவர் டீ குடித்துக்கொண்டே காதால் கேட்டுத் தெரிந்துகொள்வார். இப்போதும் கட்டிலிலிருந்து கைத்தடியை நீட்டி என் ஸ்டாண்டின் இரும்புக் குழாயைத் தட்டினார். டங் என்றது. “செரியா இருக்குது. எடு வண்டிய.”

ஃபார்முலா ஒன் ஓட்டிய நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் பேச்சு எப்படியும் வந்தாக வேண்டும். கோயமுத்தூரில் டயர் பேசினால் 2005 ஜூன் 19 இண்டியானாபொலிஸ் வராமல் இருக்காது. அந்த வருஷம் ஃபார்முலா ஒன்னில் பந்தயத்துக்கு நடுவே டயர் மாற்றக் கூடாது என்று விதி. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சரிவான 13-ஆவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா டயர் போய்ச் சுவரில் மோதியது. மிஷெலின் டயர்கள் அந்த வளைவைத் தாங்காது என்று ஆகி, பேச்சுவார்த்தை எதுவும் ஒத்துவராமல், ஞாயிற்றுக்கிழமை வார்ம்-அப் சுற்று முடிந்ததும் மிஷெலின் போட்ட 14 கார்களும் வரிசையாகப் பிட்டுக்குள் போய்விட்டன. களத்தில் மிச்சம் பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறே கார்கள். ஜோர்டான் காரில் நம்ம ஆள் நாலாவது. ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த மொத்தப் புள்ளியும் அதுதான்.

ஆறு பேரில் நாலாவது என்று கேலி பேசுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. எனக்கு அந்தக் கேலியில் சம்மதமில்லை. ஒரே செட் டயரில் 72 சுற்று, அதுவும் ஜோர்டான் மாதிரி ஒரு வண்டியில். பெரியப்பா இன்னும் சுருக்கமாக முடித்தார்.

“பதினாலு பேரு டயரு செரியில்லீன்னு ஓரங்கட்டிட்டாங்க. இவன் லோடக் கொண்டு போயி எறக்கிட்டான். வாடகை யாருக்குக் குடுப்பாங்க?”

அன்றைக்கு ராத்திரிப் பந்தயத்தில் முன்வரிசையில் நின்றவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். எங்கள் கூட்டத்தில் அவருக்கு மிஞ்சிய வேகம் கிடையாது. பயிற்சியில் 2:18-ஐத் தொட்டுவிட்டார். அப்படியென்றால் 27 சுற்று. தொடக்க வலத்துக்கும் சேர்த்து 105 லிட்டர் என்று போடப்போனேன்.

“இரு” என்றார் பெரியப்பா. “அவன் ஓட்டறத நாம் பாத்தனே. ஒவ்வொரு வளைவுலயும் பின்னாடிய ஆட்டிட்டுப் போறான். டயரு பாதி நேரந்தான் தாங்கும். அப்பறம் மெல்லத்தான் வந்தாகோணும். இருவத்தாறு போதும்.”

யோசித்துப் பார்த்தால் அதில் தப்பில்லை. நான் சுமக்கிற பெட்ரோலை முடிவு செய்வது அவருடைய வேகம். அவருடைய வேகத்தை முடிவு செய்வது அவருடைய டயர். 102 லிட்டர் போட்டேன்.

பாதிப் பந்தயம் வரை திருப்பூர்க்காரர் கண்ணுக்கே தெரியவில்லை. நான் ஏழாவதாக, பின்னாலிருந்து ‘மெதுவா’, ‘முறிக்காத’, ‘அவன் போறான், போகட்டும்’ என்று வந்துகொண்டிருந்த உத்தரவுகளுக்குக் கட்டுப்பட்டுப் போய்க்கொண்டிருந்தேன். பதினெட்டாவது சுற்றுக்கு மேல் கதை மாறியது. முன்னால் போன பொள்ளாச்சிக்காரர் வளைவில் அகலமாகப் போய்ப் புல்லைத் தொட்டார். கரூர்க்காரர் முன் சக்கரத்தை இறுக்கிப் புகை கிளப்பி, டயரை ஒரு பக்கம் தட்டையாக்கிக்கொண்டார். ஹெட்செட்டில் ஸ்டீயரிங் உதறுகிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது. நான் ஐந்தாவது. திருப்பூர்க்காரரின் சுற்று நேரம் 2:18-இலிருந்து 2:19, 2:20 என்று நழுவியது. கடைசியில் அவர் 26-ஆவது சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்து மூன்று நொடி ஆகியிருந்தது. மூன்று நொடி முன்னால் வந்திருந்தால் எனக்கு 27-ஆவது சுற்று நடராஜா சர்வீஸ்தான்.

ஜெயித்தது அவர்தான். இருந்தாலும் ஐந்தாவது இடம் எனக்குப் பெரிய விஷயம். சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா முகத்தில் சந்தோஷம் இல்லை. திரையின் மூலையில் இருந்த எண்ணைக் காட்டினார்.

“ரெண்டு லிட்டரு மிச்சமிருக்குது பாரு. அத்தன தூரம் வீணாச் சொமந்திருக்கறோம்.”

அதை அடுத்த பந்தயத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்ததும் இன்னும் வருத்தப்பட்டார். கழற்றிய டயர்களை ரீட்ரெடிங்குக்குப் போடுவார்களா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவன் சொந்தக் காசில் ஒரு ஸ்டெப்னிகூட வாங்கியிருக்க மாட்டான் என்றார்.

அதற்குள் ஹெட்செட்டில் திருப்பூர்க்காரர் கூப்பிட்டார். கடைசி எட்டுச் சுற்று தனக்கு டயரே இல்லை, பின்னால் யாரோ பெரியவர் பேசிக்கொண்டே இருந்தாரே, அவர் யாரு, அடுத்த வாரம் எங்களுக்குக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமாங்க என்று கேட்டார். ஹெட்செட்டைக் கழற்றிப் பெரியப்பா காதில் வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அதுக்கென்னுங்க, பண்ணிப்போடலாம். பேட்டா எவ்வளவுங்க?”