நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அழைப்பு வரும். என்ன விஷயம் என்று மெயிலில் இருக்காது. 'சின்ன மீட்டிங்' என்று மட்டும் இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சின்ன மீட்டிங் எவ்வளவு பெரியது என்று இப்போது தெரியும். அறைக்குள் எச்.ஆர். அம்மணி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில், நேற்றுவரை உங்களோடு டீ குடித்த மேனேஜர், செல்போனைப் பார்த்தபடி. மேசையில் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூ டப்பாவும். நீங்கள் அழுவீர்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து டிஷ்யூ வாங்கிவைத்த நிர்வாகம், ஒரு மாத நோட்டீஸை முன்கூட்டியே கொடுக்க மட்டும் மறந்துவிட்டிருக்கும்.

"சார், உங்களை யாரும் வேலையை விட்டுத் தூக்கலை. நீங்களே ரிசைன் பண்ணிட்டீங்கன்னா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வந்துடும். முடியாதுன்னா 'டெர்மினேட்டட்'னு போட வேண்டியிருக்கும். அடுத்த கம்பெனி விசாரிக்கிறப்போ உங்களுக்குத்தான் கஷ்டம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

அரை மணி நேரத்தில் கையெழுத்து விழுந்துவிடும். திரும்பி வந்து கதவில் அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரியும். டிராயரில் கிடக்கும் டிபன் பாக்ஸை எடுக்கக்கூட செக்யூரிட்டி கூடவே வருவார். பதினைந்து வருஷம் உழைத்தவர் போகிற போக்கில் ஸ்டேப்ளரைத் திருடிவிடுவாரோ என்று பயம். போன மாதம்தான் அதே தளத்தில் கேக் வெட்டி, 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்றார்கள். பாகப்பிரிவினை இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆளைக் கொன்றுவிட்டு, தற்கொலைக் கடிதத்தையும் அவன் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிற சாமர்த்தியம் இது. எதற்கு இவ்வளவு சிரமம்? வேண்டாத ஆளை வேண்டாம் என்று நேரே சொல்லி அனுப்ப வேண்டியதுதானே?

அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமென்றால் காரணத்தை எழுத்தில் சொல்லி ஒரு மாத நோட்டீஸ், அல்லது அந்த மாதச் சம்பளம். வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். அரசுக்கும் ஒரு தகவல். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இவை அப்படியே இருக்கின்றன. பதினைந்து வருஷக்காரருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஏழரை மாத ஊதியம் வரும். நிர்வாகத்துக்கு அது ஏழரைச் சனி. தானாக ராஜினாமா செய்தவருக்கோ இதில் ஒன்றும் தர வேண்டியதில்லை. டிஷ்யூ டப்பாவின் விலை இப்போது புரிகிறதா?

இந்தப் பணம் தர்மம் இல்லை. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையின் வார்டு ஊழியர்கள் இருவரை இழப்பீடு தராமல் வெளியே அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இழப்பீட்டைக் கொடுக்காமல் செய்த ஆட்குறைப்பு செல்லாது என்று 1960-இல் தீர்ப்பு. வார்டில் வேலை பார்த்த இருவர், ஒரு மாநில அரசையே எதிர்த்து நின்று வாங்கிய தீர்ப்பு அது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசி, ஆறு இலக்கச் சம்பளம் வாங்கும் நம் பொறியாளர் ஒரே மிரட்டலில் பேனாவை எடுத்துவிடுகிறார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'நீ தொழிலாளி அல்ல, லீட்' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். ஆபீஸில் எல்லோரும் ஏதாவது ஒரு மேனேஜர்தான், சொல்பேச்சு கேட்கத்தான் கீழே ஒரு ஆளும் கிடையாது. விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைவிட என்ன வேலை செய்தார் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். சட்டத்தின் கண்ணில் தொழிலாளி ஆவதற்குத் தொழில்நுட்ப வேலை செய்கிறவருக்குச் சம்பள வரம்பே கிடையாது. வரம்பெல்லாம் மேற்பார்வை செய்கிறவர்களுக்குத்தான். ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. இந்தச் செய்தி மட்டும் எந்தக் கம்பெனியின் நோட்டீஸ் போர்டுக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். இங்கே தலைகீழ். சம்பளம் கூடியவர் முதலில் போவார். காரணம் எக்செல் ஷீட்டில் மட்டும் பதிவாகும்.

முன்கூட்டியே சொல்வது பற்றியும் சட்டத்தில் ஒன்று இருக்கிறது. புதிய தொழில்நுட்பத்தாலோ உற்பத்தி முறையாலோ ஆட்குறைப்பு வரக்கூடும் என்றால், அதைக் கொண்டுவரும் முன்பே தொழிலாளர்களுக்கு 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு என்று ஊரெல்லாம் பேனர் கட்டியிருக்கிறார்களே, அந்த நோட்டீஸைக் கண்ணால் கண்டவர் உண்டா? முதலீட்டாளர் கூட்டத்தில் அந்த நுண்ணறிவு எல்லா வேலையையும் செய்யும். தொழிலாளர் துறை கேட்டால், 'ஐயோ, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை'.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, அனுப்பப்போவதாக அறிவித்தது. ஏ.ஐ. காரணமில்லை, திறன் பொருந்தவில்லை என்றார் அதன் தலைமைச் செயல் அதிகாரி. அதற்கு முந்தைய மூன்று மாதத்தின் நிகர லாபம் மட்டும் 12,000 கோடி ரூபாய்க்கு மேல். தலைக்கு ஒரு கோடி என்று கணக்கு வருகிறது. திறன் பொருந்தாதவர்களை வைத்துக்கொண்டே இவ்வளவு லாபம்!

அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். எண்களை மாற்றிக்கொண்டிருந்தது. முன்பு 100 பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்பட்டது. இப்போது 300 பேர். அதுவும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டும். அனுமதி கேட்டு 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகவே அர்த்தம். அரசு அலுவலகத்தின் வழக்கமான தூக்கத்துக்குக் கூடச் சட்ட அந்தஸ்து கொடுத்துவிட்டார்கள். 300 பேர் வேலை பார்க்கும் ஆலை முதலாளி கோட்டைப் படியேற வேண்டும். லட்சக்கணக்கானோர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம்.

நோட்டீஸும் இழப்பீடும் தராமல் அனுப்பினால் அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. ஆண்டு விழாவுக்கு வரும் டி.ஜே.வின் சம்பளம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். வேலை போனவருக்குப் புதுத் திறன் கற்றுக்கொள்ள 15 நாள் ஊதியம் தனி நிதியிலிருந்து வரும் என்கிறது புதிய சட்டம். நாற்பத்தைந்து வயதில், வீட்டுக் கடனோடு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தோடு, பதினைந்து நாள் பணத்தில் ஒருவர் மறுபடி பிறந்து வர வேண்டும். இதை எழுதியவருக்கு வேலை போன அனுபவம் நிச்சயம் இல்லை. அவர் வீட்டில் மாதக் கடைசி என்று ஒன்று வந்தே இருக்காது.

ஆனாலும் எல்லாக் கதவும் சாத்தியிருக்கவில்லை. 2015 ஜனவரியில் டி.சி.எஸ். பணிநீக்கம் செய்த கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது. நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தவறாகப் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு மீண்டும் வேலையும் முழு நிலுவைச் சம்பளமும் தருவதே இயல்பான விதி என்று ஓர் ஆசிரியையின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிரட்டி வாங்கிய ராஜினாமா ராஜினாமாவே அல்ல. அதை நிரூபிக்கும் பொறுப்புதான் உங்கள் தலையில் விழும்.

அதனால் அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். போட்டுவிட்டீர்களா? அன்று இரவே, என்ன சொல்லி மிரட்டினார்கள், யார் யார் இருந்தார்கள் என்பதை நிர்வாகத்துக்கு மெயிலாக எழுதி, ராஜினாமாவைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டுகளையும் வேலை மதிப்பீட்டுக் கடிதங்களையும் லேப்டாப் கைமாறும் முன்பே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். 45 நாளில் முடிவு வராவிட்டால் யாருடைய பரிந்துரைக்கும் காத்திருக்காமல் நேரே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தனியாகப் போகாதீர்கள்; சங்கத்தில் சேர்ந்து போங்கள். நாளை தள்ளிப்போடவும் வேண்டாம். வேலை போன நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம் என்று பழைய சட்டத்தில் இருந்தது. புதிய சட்டத்தில் 2 ஆண்டுதான்.