விரித்துப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: வீட்டு ஏர்ஃபைபருக்கு ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டலாமா? – ஆம்பூர் வாசகர்

பதில்: தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்புவரை பார்த்துத் தரம் பிரிக்கும் ஊர்க்காரர், ஒப்பந்தத்தை மட்டும் படிக்காமல் டிக் அடிக்கலாமா? மாதாந்திர டேட்டா வரம்பு, கருவி யாருக்குச் சொந்தம், பாதியில் விட்டால் பணம் திரும்புமா, எல்லாம் அதில்தான் இருக்கிறது. 'ஒப்புக்கொண்டாயிற்றே, இனி என்ன செய்ய?' என்பீர்கள். அளவுக்கு மீறிய டெபாசிட்டையும், கம்பெனி மட்டும் காரணமின்றி முறித்துக்கொள்ளும் உரிமையையும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. தொலைத்தொடர்புப் புகார் நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்ற வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 2022-ல் தள்ளிவிட்டது. ஆனால் சேவைக் குறைபாட்டுக்குத்தான் மாவட்ட ஆணையம். நியாயமற்ற ஒப்பந்தம் என்றால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அந்த அலைச்சல் எதற்கு? முதலில் மாதக் கட்டணத்தில் சிக்னலைப் பாருங்கள். அப்புறம் ஆண்டுக்குக் கட்டுங்கள்.