ஆறு ஆப்பு

மருமோனே, உன்ரை யாட்டைப் பாத்தன். நல்ல வடிவு. 1976-ல் வார்த்த பைபர் உடம்பு, 32 அடி. உவ்வளவு வயசிலை நான் கூட உப்பிடி மினுங்கேல்லை. சவுத்தாம்டன் குளிருக்கை கூட்டிக்கொண்டு வந்து காட்டினதுக்கு நாலு நல்ல சொல் சொல்லாமல் போனால், உன்ரை மாமி இரவைக்குச் சோறு தராள்.

முதல் வேலையாப் பின்பக்கத்திலை பெண்சாதியின்ரை பேரைத் தங்க எழுத்திலை எழுதிப்போட்டாய். அதிலை நான் பிழை பிடியன். எங்கடை வல்வெட்டித்துறை அன்னபூரணிக் கப்பலை வேண்டின அமெரிக்கன் றொபின்சனும் பெண்சாதியின்ரை பேரைத்தான் வைச்சவன். கப்பலும் 1938-ல் அமெரிக்காவிலை குளொஸ்டருக்குப் போய்ச் சேந்தது. ஆனால் அதிலை பாய் இழுக்க எங்கடை ஊர் ஆக்கள் இருந்தவை. உன்னட்டை பெரிய தொடுதிரை இருக்குது. பாய் இழுக்குமோ எண்டு கேட்டுப் பார்.

பிரிட்ஜ் பூட்டினது மெத்த நல்லம். நடு அத்திலாந்திக்கிலை கோழி பழுதாப் போனால் ஆர் பொறுப்பு? பிரிட்ஜுக்குப் பற்றறி, பற்றறிக்குச் சூரியத் தகடு, தகட்டைத் தாங்கக் குழாய்ச் சட்டம். ஒரு கோழியைக் காப்பாத்த இவ்வளவு பாடு படுகிறவன் கட்டாயம் தர்மவான்தான்.

நீ தேத்தண்ணி ஊத்தப் போன நேரம், சும்மா இருக்கேலாமல் மேல்தளத்தைப் பொல்லாலை தட்டிப் பாத்தன். முன்பக்கம் டொக் டொக் எண்டுது. பாய்மரத்துக்குப் பக்கத்திலை தட்ட, பழுத்த பிலாப்பழம் மாதிரித் தொப்பெண்டுது. ரண்டு பைபர் தட்டுக்கு நடுவிலை பல்சா எண்ட மெல்லிய மரம் கிடக்கு. ஓராணித் துளையாலை தண்ணி இறங்கினால் காணும், காலம் போக அது ஊறிக் கஞ்சியாப் போயிடும்.

அந்தக் கஞ்சிக்குள்ளாலைதான் மோனை, பாய்மரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற கம்பியளின்ரை தட்டும் இறங்குது. மேலை தெரியிற துண்டிலை முகம் பாத்துச் சவரம் செய்யலாம். சில்வருக்குத் துருப்பிடியாது எண்டு நினைச்சாயாக்கும். காத்துப் படுமட்டும்தான் அந்த வீரம். ஈரத்துக்கை மூச்சுமுட்டிக் கிடந்தால் வெளியிலை தெரியாமல் மயிர்க்கோடாய் வெடிக்கும். கழட்டிப் பார் எண்டு நான் சொல்லேல்லை. கழட்டினால் பிரிட்ஜுக்குக் குடுத்த காசைப்போல இன்னொருக்கால் குடுக்கவேணும். பாய்மரம் விழுந்தால் மற்றதை யோசிக்கலாம்.

பிறகு கீழை குனிஞ்சன். நாரி பிடிச்சது வேறை கதை. கடல்தண்ணி போய்வாற வாசல் ஆறு எண்ணினன். ஒரு வால்வைச் சாவியாலை சுரண்டினன். பித்தளை எண்டால் மஞ்சளா மினுங்கவேணும். உது புதுப் பொம்பிளையின்ரை கன்னம் மாதிரி ரோசாவாக் கிடக்கு. வெக்கமில்லை மோனை, நோய். பித்தளைக்கை இருந்த நாகத்தைக் கடல் திண்டு முடிச்சிட்டுது. மிச்சம் வெறும் செம்புப் பொருக்கு. கால் தட்டுப்பட்டால் கையோடை வரும்.

வந்தால் என்ன, ரப்பர் தெப்பம் வேண்டி வைச்சிருக்கிறன் எண்டு சிரிச்சாய். வைச்சிருக்கத்தான் வேணும். ஆனால் 1979-ல் பாஸ்ட்னெற் போட்டிக்கு 303 யாட் வெளிக்கிட்டுப் புயலிலை மாட்டினது. போட்டிக்குப் போன 15 பேர் செத்தவை. ஆக்கள் விட்டிட்டுப் போன 24 யாட்டிலை தாண்டது அஞ்சுதான். மிச்சம் எல்லாம் ஆளில்லாமல் சும்மா மிதந்துகொண்டு நிண்டது. தெப்பத்துக்குப் பாயமுதல் அந்தக் கணக்கை ஒருக்கால் நினை.

இந்தா, பிடி. முந்தநாள் உன்ரை பின்வளவு வேலியிலை ஒரு பைன் பலகை குறைஞ்சது எண்டு தேடினாயே, கள்ளன் நான்தான். கூராச் சீவி வைச்சிருக்கிறன். வாசல் ஆறு, ஆப்பும் ஆறு. ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலையும் கயித்தாலை கட்டித் தொங்கவிடு. வால்வு கழண்டால் இருட்டிலை கை நீட்டின இடத்திலை கிடைக்கவேணும். மாமா ஆப்பு வைச்சிட்டார் எண்டு மாமியிட்டைச் சொல்லாதை, வேலிப் பலகைக் கதையும் வெளியிலை வந்திடும்.